ஆலாத்தித் தட்டும் கிபிரும்

வன்னியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மீசை வைத்தவர்கள். அதனால்தான் 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிடமிருந்து பிடித்ததும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததும் நமக்குப் பாடமாகத் தெரியும். தோற்கடித்த இடத்தைச் சொல்லக் கற்சிலைமடுவில் கல்லும் நட்டார்கள். ஆனால் அந்த வன்னியனின் காதலி என்று நாடகங்களில் வந்துபோகும் குருவிச்சி நாச்சியார் பெரியபிள்ளையானபோது எத்தனை பச்சை முட்டை குடித்தாள்? நல்லெண்ணெயை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாளா, கோடிக்குப் போய்த் துப்பினாளா? முதல் தண்ணி வார்த்த மாமி யார்? அந்த மாமிக்குச் சீலை சரியில்லையென்று எத்தனை வருசம் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லாமல் கிடந்தது? இதற்கெல்லாம் எங்கேயும் கல் இல்லை.

பெண்கள் எழுதியதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தது. அதிலும் இயக்கமும் அரசியலும்தான் முன்னுக்கு நிற்கின்றன. மாலதி படையணி, சோதியா படையணி என்று இயக்கத்துப் பெண்கள் படைகளின் பெயர்களைச் சொல்கிறோம், சமர்களைச் சொல்கிறோம். மழைக்காலத்துப் பதுங்குகுழியில் அந்தப் பிள்ளைகளின் மாதத்துணி எங்கே காய்ந்தது என்று எழுதிய ஒரு பக்கம் இன்றுவரை என் கண்ணில் படவில்லை. போர் என்றால் துவக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு அது பெரிய விசயமில்லைத்தான். எனக்குப் பெரிய விசயம்.

1997 மே 13ஆம் திகதி, ஏ9 வீதியைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறக்கப்போகிறோம் என்று இராணுவம் ‘ஜெயசிக்குறு’வைத் தொடங்கியது. கிளிநொச்சி அதற்கு முந்தின செப்டெம்பரிலேயே ‘சத்ஜெய’ நடவடிக்கையில் இராணுவத்திடம் போய்விட்டது. நாங்கள் ஸ்கந்தபுரத்தில் ஒரு முதிரை மரத்தடியில் கொட்டில் போட்டிருந்தோம். அந்த மே மாதக் கடைசியில் நான் சாமத்தியப்பட்டேன். இராணுவம் புளியங்குளத்தை நோக்கி வெளிக்கிட்டது; மாமி மல்லாவியிலிருந்து எங்கள் கொட்டிலை நோக்கி வெளிக்கிட்டா. புளியங்குளத்தைப் பிடிக்க இராணுவத்துக்கு மாதக்கணக்கானது. மாமி அன்று பின்னேரமே, சைக்கிள் கரியரில் முட்டைக் கூடையைக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் வந்து இறங்கிவிட்டா.

எனக்கு நடந்தது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியாது. செல் துண்டு பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் காலத்து வன்னிப் பிள்ளைக்கு அதுதான் முதலில் தோன்றும். பள்ளிக்கூடத்தில் முதலுதவி படிப்பித்திருந்தார்கள்: காயத்தைத் துணியால் அமத்திப் பிடி, படு, காலை உயர்த்து. அப்படியே மரத்தடியில் படுத்து இரண்டு காலையும் வேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, “அம்மா, காயம்!” என்று கத்தினேன். அம்மா விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தா. பார்த்தா. பிறகு அழுதா, சிரித்தா, என் காலைக் கீழே இறக்கிவிட்டா. “எழும்படி, ஊர் பாக்கப் போகுது” என்று சொன்னாவே தவிர, என்ன காயம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ரெலிபோன் கிடையாது. கடுதாசி வர வாரக்கணக்காகும். பேப்பரென்றால் ‘ஈழநாதம்’, ரேடியோவென்றால் ‘புலிகளின் குரல்’. அதையும் கேட்கப் பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் கேட்கிற காலம். அப்பேர்ப்பட்ட தேசத்தில் அம்மா பொதுக்கிணற்றடியில் ஒரே ஒருத்தியிடம், “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா” என்று சொன்னா. அவ்வளவுதான். விளக்கு வைக்க முதல் சங்கக்கடை வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது. நிவாரண மா அளந்துகொண்டிருந்தவர், என் தம்பியைக் கூப்பிட்டு, “கொக்காவை இனி வரிசைக்கு அனுப்பாதை, அம்மாவை வரச் சொல்லு” என்றாராம். பத்து வயதுத் தம்பிக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மா அளக்கிற ஆளுக்கு விளங்கியிருக்கிறது!

ஒற்றை அறைக் கொட்டில். அதில் ஒரு மூலையை யூ.என்.எச்.சி.ஆர் தறப்பாளால் மறைத்து என்னை இருத்தினார்கள். அப்பாவும் தம்பியும் வெளியே மரத்தடிக்குக் குடிபெயர்ந்தார்கள்; இடம்பெயர்ந்த இடத்தில் இன்னொரு இடப்பெயர்வு. பேய் பிசாசு அண்டாமல் பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டும் என்பது முறை. வீட்டில் இருந்த ஒரே கத்தி குசினிக்குத் தேவை. அப்பம்மா வெளியே போய், வாழைக்கு அடியில் கிடந்த செல் துண்டு ஒன்றைப் பொறுக்கி, கழுவி, வேப்பிலையோடு என் தலைமாட்டில் வைத்தா. “உதை வைக்கலாமே?” என்று அம்மா கேட்டா. “இரும்புக்கு இரும்புதானே. உதைக் கண்டா பேய் என்ன, நானே ஓடுவன்” என்றா அப்பம்மா.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். விடிய வெறுவயிற்றில் வேப்பங்கொழுந்து அரைத்த உருண்டை. அதன் கசப்பு தொண்டையை விட்டு இறங்க முதல் பச்சை முட்டை. முட்டை உடைத்த கோதுக்குள்ளேயே நல்லெண்ணெயை விட்டு அதையும் அண்ணாந்து குடிக்க வேண்டும். பிறகு உழுத்தங்களி, கத்தரிக்காய், சரக்குக் கறி. இடுப்புக்குப் பலமாம். குண்டுச் சத்தத்தில் ஊர்க் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டதால் முட்டை விலை ஏறிக் கிடந்தது. அப்படியிருந்தும் மாமி கொண்டுவந்த கூடை வெறுமையாகும் வரை விடவில்லை. என் வயிற்றைக் கேட்டால், பொருளாதாரத் தடையில் முட்டையையும் சேர்த்திருக்கலாம் என்று சொல்லியிருக்கும். 1990இலிருந்து பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா என்று நீண்ட தடைப் பட்டியலில் எதெது சனத்துக்குத் தேவையோ அதெல்லாம் அகப்பட்டது. முட்டை மட்டும் தப்பிவிட்டது.

மாதத்துணிக்கு வருவோம். பாட் என்கிற சாமானை நான் கண்ணால் கண்டதே பல வருசம் கழித்துத்தான். அம்மாவின் பழைய நூல் சீலைதான் கிழிந்து மடிந்து வந்தது. சவர்க்காரம் விலை எட்டாது. பனங்காயைப் பிசைந்து தோய்த்ததும் உண்டு. தோய்த்ததைக் காயப்போடுவதில்தான் சிக்கல். வெள்ளைத் துணி ஆகாயத்துக்குத் தெரியக்கூடாது, குண்டுவிமானத்தில் வரும் கிபிர்காரன் காம்ப் என்று நினைத்து அடிப்பான் என்பது ஊர்ச் சட்டம். இந்தத் துணி எந்த ஆம்பிளையின் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்பது அப்பம்மாவின் சட்டம். மேலேயிருந்தும் தெரியாமல், பக்கத்திலிருந்தும் தெரியாமல், வெயிலும் பட வேண்டும். அப்பம்மா வேலியில் ஒரு பழஞ் சீலையை விரித்து, அதற்குக் கீழே கொடி கட்டி, இரண்டு கிடுகை முட்டுக் கொடுத்து ஒரு வேலை செய்து வைத்திருந்தா. அதைப் போல உருமறைப்பை நான் எந்தக் காவலரணிலும் கண்டதில்லை.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைத்தார். கிபிர்காரனிடம் பஞ்சாங்கம் இல்லை.

சடங்குக்கு முதல்நாள் இரவு பலகாரச் சூடு. நாலைந்து கிழவிகள், இரண்டு மூன்று மாமிமார், ஜாம்போத்தல் விளக்கு ஒன்று. மண்ணெண்ணெய் தடையில் கண்டுபிடித்த சிக்கன விளக்கு அது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இரவு கழியும், பக்கத்தில் இருப்பவரின் முகம் மட்டும் தெரியாது. முகம் தெரியாததால் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். நான் தறப்பாளுக்கு உள்ளே நித்திரை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பயித்தம் பணியாரம் எண்ணெயில் விழும் சத்தத்துக்கு நடுவில், வன்னியின் எழுதப்படாத வரலாறு முழுக்கக் காதில் விழுந்தது. எந்தப் புருசன் வவுனியாவில் பாஸ் எடுத்து வந்து, பாஸ் முடிய இன்னும் நாள் இருக்க, பெண்சாதி துரத்தியும் போக மறுத்தான். எவர் கலியாண இரவில் பயத்தில் அத்தை வீட்டுக்கு ஓடினார் (ஓடியது மாப்பிள்ளை). அப்பம்மாதான் தலைமை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவ சொன்ன ஒரு கணக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“போன ஆவணியில கிபிர் எத்தினை தரம் வந்ததெண்டு ஆரும் எண்ணத் தேவையில்லை. இந்த வைகாசியில ஊரில பிறந்த பிள்ளையளை எண்ணிப்போட்டுச் சொல்லலாம். பங்கர் வெட்டினது குண்டுக்கெண்டே நினைச்சனியள்?”

கிழவிகள் சிரித்த சிரிப்பில் விளக்கு அணைந்தது. யாரோ, “ஆச்சி, பிள்ளை முழிச்சிருக்கிறாள் போல” என்றதும் அப்பம்மா ஒரு நொடியும் தாமதிக்காமல் தேவாரத்துக்கு மாறினா. அவவின் குரல் வளம் அந்த ஊரில் பேர்போனது.

நானும் பக்கத்தில் படுத்திருந்த சித்தியின் மகளும் அந்தக் கணக்கை எங்களுக்கு விளங்கின மாதிரி விளங்கிக்கொண்டோம்: கிபிர் வந்து, பங்கருக்குள் இறங்கினால், பிள்ளை பிறக்கும். அவள் என்னைவிடச் சின்னவள், பயந்த சுபாவம்.

விடிந்தது. ஸ்ரூடியோக்காரர் கமராவோடு சைக்கிளில் வந்தார். பிளாஷுக்குப் பற்றறி இல்லை, அதனால் படமெல்லாம் உச்சி வெயிலில். பிலிம் றோல் தட்டுப்பாடு, அதனால் இமை மூடக்கூடாது. கன்னத்தில் கை வைத்து ஒன்று, கண்ணாடி பார்த்து ஒன்று, குத்துவிளக்கை ஏற்றுவதுபோல் ஒன்று (திரியில் எண்ணெய் இல்லை), பிளாஸ்ரிக் ரோசாவை மணப்பதுபோல் ஒன்று. நகை நாலு வீட்டு இரவல். சாயம் பூச லிப்ஸ்ரிக் இல்லை, இருந்தாலும் பூசியிருக்க முடியாது. ஏனென்றால் முதல்நாள் தம்பி தறப்பாளுக்குக் கீழால் களவாக நீட்டிய பாலைப்பழத்தை ஒரு பிடி தின்றிருந்தேன். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும்: அதன் பால் உதட்டில் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணிக்குக் கழுவுப்படாது. வாயைத் திறந்தால் மேலுதடும் கீழுதடும் நூல் விட்டு ஒட்டும். சோடிக்க வந்த அக்கா தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு உரஞ்சியதில் உதடு தானாகவே சிவந்துபோனது. “பாரன், இப்ப எவ்வளவு வடிவு” என்றா. படங்களில் நான் சிரிக்காமல் இருப்பதற்கு வெட்கம் காரணமில்லை.

மாமி தண்ணி வார்த்து, சீலை உடுத்தி, மணையில் நிறுத்தி, ஆலாத்தி தொடங்கியது. தட்டில் வாழைப்பழத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் எரியும் திரி. இரண்டு பெண்கள் தட்டைப் பிடித்து முதல் சுற்றுச் சுற்றவும், வானத்தில் அந்த இரைச்சல். “கிபிர்! பங்கருக்குள்ள!” தேங்காய் உடைக்கக் கத்தியை ஓங்கிய மாமா கத்தியோடு பாய்ந்தார். ஐயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். காஞ்சிபுரச் சீலையோடு என்னை இரண்டு பேர் தூக்கி எறிந்தார்கள். கடைசியாக அந்த இரண்டு பெண்களும், எரிகிற திரி அணையாமல் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, படி பார்த்துக் கால் வைத்து இறங்கினார்கள்.

சித்தியின் மகள் மட்டும் வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். மாமா, ஐயர், அப்பா, ஸ்ரூடியோக்காரர். “நான் வரமாட்டன்” என்று கத்தினாள். குண்டு விழுந்தாலும் பரவாயில்லையாம், வரமாட்டாளாம். காரணம் கேட்க நேரமில்லை. அப்பம்மா அவளின் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தா. அதிர்வில் பங்கர்க் கூரை மண் எல்லோர் தலையிலும் கொட்டியது. ஐயர், “நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கு” என்று முணுமுணுத்தார். மாமி முடிவெடுத்தா. குனிந்தபடி, எட்டுப் பேர் நிற்கும் குழிக்குள் பன்னிரண்டு பேர் நசுங்கிக்கொண்டிருக்க, மிச்ச இரண்டு சுற்றும் அங்கேயே சுற்றப்பட்டது. ஐயரின் தாடி லேசாகக் கருகியது. மூலையில் சித்தியின் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். பல வருசம் கழித்து அவளின் கலியாண வீட்டில் நான் அதை எல்லோர் முன்னாலும் எடுத்துவிட்டேன். அவளின் மாப்பிள்ளை சிரித்த மாதிரி எந்த மாப்பிள்ளையும் சிரித்ததில்லை.

அன்று குண்டு எங்களுக்கு மேல் விழவில்லை. விழுந்த இடம் எதுவென்று பின்னேரம் தெரியவந்தபோது, பலகாரத் தட்டை ஒருவரும் தொடவில்லை.

மொய்க் கொப்பி இன்னும் இருக்கிறது. காசு கொஞ்சம். மண்ணெண்ணெய் ஒரு போத்தல், சவர்க்காரம் இரண்டு, பருப்பு ஒரு கிலோ, “பிறகு தரப்படும்” என்று ஓரிடத்தில்.

இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகும் என்ன நடந்தது, ஏன் நடக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் அறிவித்த செய்தியைச் செய்திக்குரியவளிடம் மட்டும் மறைத்த விநோதம் அது. பள்ளிக்கூடத்திலாவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். விஞ்ஞானப் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தது. மரத்தடி வகுப்பு. ரீச்சர் தொண்டையைச் செருமினா. வானத்தைப் பார்த்தா, அன்றைக்கென்று ஒரு ஹெலியும் வரவில்லை. “உது சின்னப் பாடம். வீட்டில வாசியுங்கோ. நாங்கள் காந்தத்துக்குப் போவம்” என்று பக்கங்களைத் திருப்பினா. ரீச்சர் சொல்லி நாங்கள் வீட்டில் வாசித்த ஒரே பாடம் அதுதான். பள்ளிக்கூட நூலகத்தில் இருந்த அந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களெல்லாம் புதுக்கருக்கு மாறாமல் இருக்க, அந்த ஐந்தாறு பக்கம் மட்டும் அழுக்கேறிக் கழன்று தனியாகப் போய், கடைசியில் காணாமலே போனது. படத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்த பெயர்களை மனப்பாடம் செய்தோம். ஓ.எல் பரீட்சையில் நல்ல புள்ளி. ஆனால் அம்புக்குறி காட்டிய சாமான்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன என்று யாரும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள், பட்டப் பெயர் ‘ஈழநாதம்’. நாள் தவறாமல் வெளிவருவாள். அவளின் அக்கா தாதிப் பயிற்சிக்குப் போனவள் என்பதால் அவள் சொன்னால் வேதம். ஆம்பிளை இருந்து எழும்பின கதிரையில் சூடு ஆற முதல் இருக்கக்கூடாது என்பது அவளின் ஆசிரியத் தலையங்கங்களில் ஒன்று. அதை நம்பி ஒரு முழுத் தவணை ரியூசனில் நின்றபடி படித்தவர்கள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள்.

காதலைப் பற்றிய எங்கள் அறிவுக்கு மூலநூல் ரமணிச்சந்திரன். அட்டை கிழிந்து, முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் இல்லாமல் கை மாறி வரும் நாவல்கள். அதனால் அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்றும் தெரியாது, எப்படிச் சேர்ந்தார்கள் என்றும் தெரியாது. நடுவில் கோபித்துக்கொண்டது மட்டும் தெரியும். படமும் அப்படித்தான். ஜெனரேற்றர் வைத்து டெக்கில் காட்டும் படக் கொப்பிகள் கத்தரி பட்டுத்தான் ஊருக்குள் வரும். மழைப் பாட்டு இல்லை, கட்டிப் பிடித்தல் இல்லை. ‘அலைபாயுதே’யை நாங்கள் பார்த்த விதத்தில், மாதவன் ரயிலில் ஷாலினியைக் கண்டார், ஒரு வெட்டு, தாலி கட்டினார், ஒரு வெட்டு, சண்டை பிடித்தார். காதல் என்பது இவ்வளவு கெதியாக முடிகிற அலுவலாக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பிறகு கலியாணம் கட்டின என் சிநேகிதிகள் பலர், அந்தக் கத்தரித்த கொப்பிதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது என்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரே காதல் பண்டாரவன்னியனுடையது. முல்லைமணி எழுதிய நாடகம். வன்னியில் அதைப் போடாத பள்ளிக்கூடம் குறைவு. எங்கள் வகுப்பில் போட்டபோது எல்லா வேடமும் பெண்பிள்ளைகளுக்கே. உயரமானவள் வன்னியன், சிவந்தவள் குருவிச்சி நாச்சியார், நான் காட்டிக்கொடுக்கும் காக்கை வன்னியன். வன்னியனும் நாச்சியாரும் பிரியும் காட்சிக்கு ரீச்சர் ஒத்திகையில் மீற்றர் கோலைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தா. “இந்த அளவு. இதுக்குள்ள வரப்படாது.” இரண்டும் பெட்டையள், ரீச்சர்! ஆனாலும் கோல் கோல்தான். அரங்கேற்றத்தன்று வன்னியனின் மீசை கரியும் விளக்கெண்ணெயும். பகல் வெக்கையில் அது வழிந்து நாடியில் இறங்கி, போருக்குப் புறப்படும் நேரம் தாடியாகிவிட்டது. நாச்சியார் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை மறைக்க முகத்தைப் பொத்தினாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் இருந்த கிழவிகள் எல்லாரும் அழுதார்கள். நல்ல நாடகம் என்று பேர் வந்தது.

அந்த நாடகத்தில் வெள்ளைக்காரப் படையாக வந்தவர்களில் சிலர் ஏ.எல் வகுப்புக்கு வரவில்லை. கதிரைகள் வெறுமையாகத் தொடங்கிய காலம் அது. அதைப் பகிடியாக எழுத எனக்கு வராது, அதனால் தாண்டிப் போகிறேன்.

நேரச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996இல் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. வன்னி தள்ளவில்லை. 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஓமந்தைக்கு அந்தப் பக்கம் வவுனியாவில் ஒரு நேரம், இந்தப் பக்கம் அரை மணித்தியாலம் பிந்திய நேரம். “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேட்காமல் ஒரு அலுவல் நடக்காது. எங்கள் ‘ஈழநாதம்’ ஒரு பெடியனிடமிருந்து கொப்பிக்குள் வந்த கடிதத்துக்குப் பதில் கொடுக்க, வற்றாப்பளைப் பொங்கலன்று கோயில் வீதியில் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். அவன் வவுனியாவிலிருந்து வந்தவன். புதிய நேரத்துக்கு வந்து, காத்திருந்து, வரமாட்டாள் என்று மனமுடைந்து போய்விட்டான். அவள் பழைய நேரத்துக்கு வந்து, காத்திருந்து, ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டு போனாள். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தைகள் ஏன் முறிந்தன என்று ஆராய்பவர்கள் இதையும் கவனத்தில் எடுக்கலாம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, ஏப்ரலில் ஏ9 திறந்தது. வரலாற்று ஆசிரியர்கள் அந்தப் பாதையால் வந்த தூதுவர்களை எழுதினார்கள். எங்களுக்கு அந்தப் பாதையால் பாட் வந்தது. கிளிநொச்சிக் கடையில் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுத்தப் பையில் போட்டு, நூலால் கட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தந்தார்கள். சுற்றியிருந்த விதத்திலேயே ஊருக்குத் தெரியும், உள்ளே என்னவென்று. அதே பாதையால் கனடா மச்சாளும் வந்தாள். தங்களுக்கு இதெல்லாம் வகுப்பில் படிப்பிப்பார்கள், சோதனையும் உண்டு என்றாள். அப்பம்மா ஆச்சரியப்பட்டுக் கேட்டா: “சோதினையில பெயிலானால் என்ன செய்வினம், வராமல் நிப்பாட்டுவினமோ?” பிறகு அதே மச்சாளுக்கு ரொறன்ரோவில் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தார்கள். பல்லக்கும் வீடியோவும் கேக்கும். பங்கரிலிருந்து பல்லக்குக்கு வந்தாயிற்று. ஊருக்கு அறிவிக்கும் ஆசை மட்டும் இம்மியும் குறையவில்லை.

பிறகு வந்த வருடங்களில் கலியாணம் கட்டினால் இயக்கம் பிடித்துக்கொண்டு போகாது என்று பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறியது. சடங்குச் சீலை பழுதாக முதல் கூறைச் சீலை. 2009இல், எங்கள் சனத்தை அடைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணிக்கு வரிசையில் நின்ற கூட்டத்துக்குள் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளானாள். கூடாரத்துக்குள் ஐந்து பெண்கள் மறைத்து நிற்க, ஒருத்தி போத்தல் தண்ணியை வார்த்தா. அங்கேயும் ஒரு சரை நல்லெண்ணெய் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு அதைக் குடிக்கவும் கோபம், குடிக்காமல் விடவும் மனமில்லை.

தடை போனது, வரி வந்தது. 2018 செப்டெம்பர் வரை இலங்கைக்குள் இறக்குமதியாகும் பாட்டுக்கு எல்லாமாகச் சேர்த்து 101.2 வீத வரி. ஒன்றை வாங்கினால் இன்னொன்றின் விலையை அரசாங்கத்துக்குக் கொடுத்தோம். அதைக் குறைத்தபோதும் அறுபது வீதத்துக்கு மேல் நின்றது. இந்த ஒரு விசயத்தில் வன்னியையும் கொழும்பையும் ஒரே மாதிரி நடத்தியதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வன்னியில் அப்பம்மாவோ அம்மம்மாவோ உயிரோடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிலை, பாக்கு, நல்ல புகையிலையாக வாங்கிக்கொண்டு போங்கள். போனில் பதிவை அழுத்தி, பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நித்திரை என்று நடியுங்கள். ஆம்பிளைகளைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் நின்றால் தேவாரம்தான் பதிவாகும்.